ஏழு தந்தி வயலின்: மைசூர் சௌடையாவின் வரவு செலவுக் கணக்கு

வயலினுக்கு எத்தனை தந்தி என்று கேட்டால் யாரும் யோசிக்காமல் நாலு என்று சொல்லிவிடுவார்கள். மைசூரில் மட்டும் ஒரு தலைமுறை ஆட்கள் "நாலா, ஏழா?" என்று திருப்பிக் கேட்பார்கள். காரணம் ஒரே ஒரு மனிதர். நமக்கு மைசூர் டி. சௌடையா. அந்த ஊர்க்காரர்களுக்கு 'பிடீலு சௌடையா'.

முன்னாடியே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சங்கீதம் வெறும் கேள்வி ஞானம்தான். படித்தது பி.காம்., பிழைப்பு வங்கியில். டொராண்டோவுக்கு வந்து சேருவதற்கு முன்னால் மைசூர் கிளை ஒன்றில் மூன்று வருஷம் குப்பை கொட்டியிருக்கிறேன். (ஊர்ப் பெயர் 2014ல் மைசூரு ஆகிவிட்டது. பழகிய வாய்க்கு இன்னும் மைசூர்தான் வருகிறது, மன்னிக்கவும்.) பென்ஷன் வாங்க வரும் பெரியவர்கள் டோக்கன் கூப்பிடும் வரை சும்மா இருக்க மாட்டார்கள். ஒருத்தர் தசரா பற்றிப் பேசுவார், ஒருத்தர் மகாராஜா பற்றி, இன்னொருத்தர் சௌடையா பற்றி. அப்படித்தான் இந்த ஏழு தந்தி விஷயம் என் காதில் விழுந்தது. அன்றைக்கு அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எடுத்துக்கொள்ள வைத்தது என் பெண். பள்ளிக்கூட ஆர்கெஸ்ட்ராவில் வயலின் வாசிக்கிறாள். சனிக்கிழமை காலையில் அதே வயலினோடு நம்ம டீச்சர் வீட்டுக்குப் போய் மாயாமாளவகௌளையில் சரளி வரிசை. திங்கட்கிழமை பள்ளியில் பெட்டியைத் திறந்து கம்பியை மீட்டிப் பார்த்த வாத்தியார், "யார் இதை இப்படிக் கெடுத்து வைத்தது?" என்று கேட்டிருக்கிறார். அவர் மேல் தப்பில்லை, அவருக்குப் பழகின சுருதி அதில் இல்லை. ஆனால் சாயந்திரம் என் பெண் கேட்ட கேள்விதான் குடைந்துகொண்டே இருந்தது. "நம்ம டியூனிங் தப்பாப்பா?"

வெளிநாட்டில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு இந்தக் கேள்வி புதிதில்லை. சாப்பாட்டு டப்பாவில் ஆரம்பித்துப் பெயர் உச்சரிப்பு வரைக்கும் ஏதாவது ஒன்றுக்கு வந்துகொண்டேதான் இருக்கும். வயலின் கம்பிக்காவது ஒழுங்கான பதில் சொல்வோமே என்று தோண்ட ஆரம்பித்தேன். தோண்டினால் மைசூர் வந்தது.

முதலில் அடிப்படை. மேற்கத்திய வயலினின் நாலு தந்தியும் தடிப்பானதிலிருந்து மெல்லியது வரை ஜி, டி, ஏ, ஈ. ஒவ்வொன்றும் முந்தையதற்குப் பஞ்சமம். அதாவது ஜி ஸட்ஜம் என்றால் டி பஞ்சமம். அந்த டியை ஸட்ஜமாக வைத்தால் ஏ பஞ்சமம். இப்படியே மேலே ஏறும். வீச்சு அதிகம், எந்த ஸ்கேலுக்கும் பொது. பத்துப் பேர் சேர்ந்து வாசிக்கும் ஆர்கெஸ்ட்ராவுக்கு இதைவிட வசதி கிடையாது.

நம்மாட்கள் என்ன செய்தார்கள்? ஸ, ப, ஸ, ப. மந்தர ஸட்ஜம், மந்தர பஞ்சமம், மத்திய ஸட்ஜம், மத்திய பஞ்சமம். நாலு தந்திக்கு இரண்டே ஸ்வரம்.

இது யார் மண்டையில் முதலில் உதித்தது என்று தேதி போட்டுச் சொல்ல முடியாது. வயலின் நம் சங்கீதத்துக்குள் நுழைந்த கதை மட்டும் பலருக்கும் தெரியும். முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786-1858), சென்னைப் பக்கம் மணலியில் குடும்பம் இருந்தபோது, ஜார்ஜ் கோட்டை வெள்ளைக்காரர்களின் வாசிப்பைக் கேட்டு, முறையாக அதைக் கற்றுக்கொண்டார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்கு 1834ல் சுவாதித் திருநாள் மகாராஜா தந்தத்தால் ஆன வயலினே பரிசாகக் கொடுத்தார். நூறு வருஷத்துக்குள் பிடில் இல்லாத கச்சேரி கிடையாது என்ற நிலைமை. இவ்வளவு சீக்கிரம் நம் வீட்டுக்குள் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்ட வெளிநாட்டுச் சரக்கு மிளகாய்க்கு அப்புறம் இதுதான் என்று நினைக்கிறேன். உட்கார்ந்தது நிஜமாகவே சம்மணம் போட்டுத்தான். தோளில் நின்றுகொண்டிருந்த வாத்தியத்தின் தலையை இறக்கிக் காலில் சாய்த்து வைத்தது நம் பங்களிப்பு.

வீணையைப் பாருங்கள், குட்டு உடைந்துவிடும். வீணையில் மெட்டுகளின் மேல் ஓடும் நாலு தந்திகள் மெல்லியதிலிருந்து ஸ, ப, ஸ, ப. சுருதிக்கும் தாளத்துக்கும் பக்கத்தில் இன்னும் மூன்று, அவையும் ஸ, ப, ஸ. அதாவது நம்மவர்கள் வயலினுக்குப் புதுசாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. வந்த விருந்தாளிக்கு வீட்டுச் சாப்பாட்டைப் போட்டிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இதில் லாபம் என்ன? நம் பாட்டு ஒரே ஸட்ஜத்தை விட்டு நகராது. தம்புரா விடாமல் அதையே சொல்லிக்கொண்டிருக்கும். வயலினில் இரண்டு ஸட்ஜமும் இரண்டு பஞ்சமமும் திறந்த தந்தியாகவே இருந்தால், எந்தத் தந்தியில் விரல் வைத்து அந்த ஸ்வரங்களைத் தொட்டாலும் பக்கத்துத் தந்தி தானாக அதிர்ந்து கூடச் சேரும். ஸட்ஜம் சுத்தமாக விழுந்ததா என்று பெட்டியே சொல்லிவிடும். இன்னொரு லாபம் விரலுக்கு. கீழ் ஸ்தாயியில் விரல் ஓடுகிற அதே வழி மேல் ஸ்தாயியிலும் இரண்டு தந்தி தள்ளி அப்படியே கிடைக்கும். பாடகர் ஒரு பிடி பிடித்தால் பின்னாலேயே துரத்த வேண்டிய பக்கவாத்தியக்காரருக்கு இது எத்தனை பெரிய வரம்!

நஷ்டம்? இங்கேதான் என் கணக்குப்பிள்ளை மூளை விழித்துக்கொண்டது.

நம் சுருதி பாடுகிறவருடைய குரலைப் பொறுத்தது. பெண் பாடகி ஐந்து கட்டையில் பாடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கட்டை என்றால் ஜி. வயலின் ஜி, டி, ஜி, டி ஆகும். கீழ் இரண்டு தந்திகளைத் தொடவே வேண்டாம். மேல் இரண்டையும் ஒரு முழு ஸ்வரம் தளர்த்தினால் போதும். ஆனால் ஆண் பாடகர் இரண்டு கட்டை, அதாவது டி என்றால்? டி, ஏ, டி, ஏ. நாலு தந்தியும் தளர வேண்டும். மேல் தந்தி ஈயிலிருந்து ஏ வரை இறங்கும்.

தந்தியின் இழுவிசை அதன் அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஒரு முழு ஸ்வரம் இறக்கினால் இழுவிசை ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஈயிலிருந்து ஏக்கு இறக்கினால், அதே தந்தியை வைத்துக்கொண்டால், பாதிக்கும் குறைவாகத்தான் மிஞ்சும். தந்தி தளர்ந்தால் கமகத்துக்கு நல்லது, விரல் வழுக்கிக்கொண்டு போகும், நாதமும் கனிந்து வரும். ஆனால் சத்தம் குறையும். தடித்த தந்தி போட்டுக் கொஞ்சம் சமாளிக்கலாம். இருந்தாலும் பேரேட்டில் ஒரு பக்கம் சுகம் வரவு, மறுபக்கம் கனம் செலவு.

அந்தச் செலவு பெரிதாகத் தெரியாத காலம் ஒன்று இருந்தது. அரண்மனைக் கூடத்திலும் பெரிய மனிதர் வீட்டுத் திண்ணையிலும் ஐம்பது நூறு பேர் கேட்டவரைக்கும் யாருக்கும் குறை தெரிந்திருக்காது. கச்சேரி சபாவுக்கும் கோயில் பந்தலுக்கும் வந்து, ஆயிரம் பேர் உட்கார்ந்து, மைக் இன்னும் வராமல் இருந்த அந்த இடைக்காலத்தில்தான் சிக்கல். அந்த இடைவெளியில் சரியாக வந்து நின்றவர் சௌடையா.

1895ல் மைசூருக்குப் பக்கத்தில் திருமகூடலு நரசீபுரத்தில் பிறந்தவர். காவிரியும் கபினியும் கலக்கிற ஊர். டி. நரசீபுரம் என்று பஸ்ஸில் எழுதியிருக்கும். மூன்றாவதாகக் கண்ணுக்குத் தெரியாத ஒரு தீர்த்தமும் அங்கே கூடுவதாக ஐதீகம், நம்ம திருமுக்கூடல் மாதிரியே. பின்னாளில் கிருதிகள் இயற்றியபோது அவர் வைத்துக்கொண்ட முத்திரையும் 'த்ரிமகுட' என்று ஊர்ப் பெயரைத் தொட்டதுதான். 1910 வாக்கில் மைசூரில் பிடாரம் கிருஷ்ணப்பாவிடம் குருகுலவாசத்துக்குச் சேர்ந்தார். கிருஷ்ணப்பா (1866-1931) வாய்ப்பாட்டுக்காரர். கண்டிப்புக்குப் பேர் போனவர். மைசூரில் அவர் கட்டிய ராமர் மந்திரம் இன்றும் அவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. வயலின்காரருக்கு வாய்ப்பாட்டு வித்வான் குரு என்பதைக் கவனிக்க வேண்டும். வில்லைப் பிடிக்கும் கைக்கு முன்னால் பாடுகிற தொண்டை பழகியாக வேண்டும். குரலுக்குப் பின்னால் போவது அப்படித்தான் அவர் கையில் ஏறியிருக்க வேண்டும்.

பக்கவாத்தியமாக அவர் உட்கார்ந்த ஆட்களின் பட்டியலைப் பார்த்தால் தலை சுற்றும். அரியக்குடி, மகாராஜபுரம், முசிறி, செம்மங்குடி, ஜி.என்.பி. எல்லோருக்கும் மேலே செம்பை வைத்தியநாத பாகவதர். செம்பையின் குரல் வெண்கலக் குரல், மைக்கே தேவைப்படாது. அந்தக் குரலுக்கும் ஒரு பக்கம் முழங்கும் மிருதங்கத்துக்கும் நடுவில், தளர்த்தப்பட்ட நாலு தந்தியோடு ஒரு மனிதன் என்ன செய்வான்? பின்வரிசையில் இருக்கிறவருக்கு வில் மேலும் கீழும் போவது கண்ணுக்குத் தெரியும், காதுக்கு ஒன்றும் வராது.

1920களில் சௌடையா செய்தது இதுதான். நாலு தந்தியோடு இன்னும் மூன்றைச் சேர்த்தார். மூன்று தந்திகளுக்குத் துணை, ஆக ஏழு. ஒரே இழுப்பில் வில் ஜோடியாக இரண்டைத் தொடும், ஒரே விரல் இரண்டையும் அழுத்தும். மேண்டலினில் ஜோடித் தந்தி பார்த்திருப்பீர்கள், பன்னிரண்டு தந்தி கிட்டாரிலும் அதே யோசனைதான். ஆனால் அவை இரண்டும் மீட்டுகிற வாத்தியங்கள், மெட்டு வேறு உண்டு. மெட்டே இல்லாத, வில்லால் இழுக்கிற வாத்தியத்தில் ஜோடி போடுவது வேறு விதமான துணிச்சல். விரல் ஒரு மயிரிழை சாய்ந்தால் இரண்டு தந்தியும் இரண்டு ஸ்வரம் சொல்லும். அப்புறம் கமகம். ஒரு தந்தியை அசைப்பதற்கே வருஷக்கணக்கில் சாதகம் வேண்டும், இவர் இரண்டை ஒன்றாக அசைத்தார்.

சுருதி சேர்ப்பதை யோசியுங்கள். நாலுக்குப் பதில் ஏழு பிருடை. அத்தனையும் பாடுகிறவரின் கட்டைக்கு, சபை காத்துக்கொண்டிருக்கும்போது. வயலின் பெட்டி தாங்கும் மொத்த இழுவிசை சாதாரணமாக இருபதிலிருந்து இருபத்தைந்து கிலோ. அதன் மேல் மூன்று தந்தி கூட. இங்கே என் ஊகம் ஒன்றைச் சொல்லட்டுமா? மேற்கத்திய சுருதியில் ஏழு தந்தியை இழுத்துக் கட்டியிருந்தால் பெட்டிக்கு அது பெரிய பாரம். நம் சுருதி தாழ்ந்து இருந்ததால்தான் கூடுதல் தந்திக்கு இடம் கிடைத்தது. தளர்த்தியதில் போன கனத்தைத் தளர்த்தியதால் கிடைத்த இடத்தை வைத்தே அவர் திருப்பி எடுத்துவிட்டார். வங்கிக்காரன் கண்ணுக்கு இது பிரமாதமான கணக்கு.

பலன் எப்படி? அவருடைய ஒலிப்பதிவுகள் இணையத்தில் கிடைக்கின்றன. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். ஒரு வயலின் மாதிரி இருக்காது. இரண்டு பேர் ஒரே மூச்சில் வாசிக்கிற மாதிரி ஒரு தடிமன், ஓரத்தில் லேசான கரகரப்பு. எல்லோருக்கும் பிடிக்கும் என்று சொல்ல மாட்டேன். ஒற்றைத் தந்தியின் மெலிவான இனிமையைத் தேடுகிறவர்களுக்கு இது கொஞ்சம் முரட்டுத்தனமாகப் படலாம். துவாரம் வெங்கடசுவாமி நாயுடுவைக் கேட்டுவிட்டு இதைக் கேட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். என் ஓட்டு சௌடையாவுக்கு, அதிலும் செம்பையோடு இருக்கும்போது.

அதே ஊரில் அதே காலத்தில் அரண்மனைக்குள் நடந்ததையும் சொல்ல வேண்டும். நாலாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அரண்மனையில் கர்நாடக வாத்தியக் கோஷ்டியும் இருந்தது, இங்கிலீஷ் பேண்டும் இருந்தது. அவருக்குப் பின் வந்த ஜெயசாமராஜ உடையார் பியானோவில் ஊறியவர். லண்டன் பில்ஹார்மோனியாவுக்குப் பணம் கொடுத்து ஆதரித்தார். ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் கடைசிப் பாடல்கள் 1950ல் லண்டனில் முதன்முதலாக அரங்கேறியதற்குப் பின்னால் இருந்ததும் மைசூர்ப் பணம்தான். அதே மனிதர் கர்நாடக சங்கீதத்தில் தொண்ணூற்று நாலு கிருதிகளும் எழுதினார். பியானோவை ஒவ்வொரு பாடகருக்கும் ஒவ்வொரு கட்டைக்குத் தளர்த்த முடியாது, அதனால் அது அரண்மனைக் கூடத்திலேயே நின்றுவிட்டது. வயலினுக்கு நாலு பிருடை இருந்தது, அது தெருவுக்கு வந்துவிட்டது.

மைக் வந்ததும் ஏழு தந்திக்கான அவசரம் தீர்ந்தது. 1930களுக்குப் பிறகு கச்சேரி மேடைகளில் ஒலிபெருக்கி சகஜமாகிவிட்டது. ஆனாலும் சௌடையா கடைசிவரை ஏழைக் கைவிடவில்லை. தேவைக்காகப் பிறந்தது அதற்குள் அவருடைய குரலாகவே ஆகிவிட்டது. 1957ல் சென்னை மியூசிக் அகாடமி சங்கீத கலாநிதி கொடுத்தது. மைசூரில் அய்யனார் இசைக் கல்லூரி தொடங்கினார். நடுவில் 1943ல் 'வாணி' என்று கன்னடப் படம் எடுக்கிற சபலமும் வந்தது! 1967 ஜனவரியில் காலமானார். அவருக்குப் பிறகு அவர் சீடர் பெங்களூர் ஆர்.ஆர். கேசவமூர்த்தி நீண்ட காலம் ஏழு தந்தியை வாசித்தார். மற்றபடி வயலின் உலகம் நாலுக்கே திரும்பிவிட்டது. ஸ, ப, ஸ, ப மட்டும் அசையாமல் நின்றது. இன்றைக்குச் சென்னையிலோ ஸ்கார்பரோவிலோ கர்நாடக வயலின் பிடிக்கிற எந்தக் குழந்தையும் அப்படித்தான் ஆரம்பிக்கிறது.

ஆகவே என் பெண்ணுக்கு நான் சொன்ன பதில்: தப்பில்லை. அங்கே நிறையப் பேரோடு சேர்ந்து வாசிக்க ஜி, டி, ஏ, ஈ. இங்கே ஒரு குரலோடு சேர்ந்து போக ஸ, ப, ஸ, ப. இரண்டும் நீண்ட காலமாக வேலை செய்து காட்டியவை. ஒரே வயலினை வாரம் இரண்டு தடவை முறுக்கித் தளர்த்தினால் தந்தி அறும், அதனால் இன்னொரு பழைய வயலின் வாங்கினோம். பர்சுக்குத்தான் கொஞ்சம் வலி :-)

வயலின் இல்லாத வீட்டில் கிட்டார் இருக்கும். இந்த ஊரில் டீன் ஏஜ் பையன் இருக்கிற பாதி வீட்டில் ஒரு கிட்டார் சுவரில் சாய்ந்து தூசி படிந்து நிற்கிறது. அதிலும் இதே கதைதான். ஹவாய்த் தீவுகளுக்கு 1830களில் மாடு மேய்க்க வந்த மெக்சிகோக்காரர்கள் கிட்டாரைக் கொண்டுபோனார்கள். அந்தத் தீவுக்காரர்கள் தங்கள் பாட்டுக்கு ஏற்ற மாதிரி கம்பிகளைத் தளர்த்திக்கொண்டார்கள். அந்தப் பாணிக்குப் பெயரே 'தளர்ந்த கம்பி' என்ற அர்த்தத்தில்தான் இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் டேவி கிரஹாம் என்ற இங்கிலாந்து கிட்டார்க்காரர் மொராக்கோவுக்குப் போனார். அங்கே ஊத் வாசிக்கிறவர்களோடு சேர்ந்து வாசிக்க வசதியாக ஒரு டியூனிங் அமைத்துக்கொண்டார். டி, ஏ, டி, ஜி, ஏ, டி. கிட்டார் உலகத்தில் விசித்திர டியூனிங் என்று இன்றும் பையன்கள் மாய்ந்து மாய்ந்து பேசுவது இதைத்தான்.

டியை ஸட்ஜமாக வைத்துப் படியுங்கள்: ஸ, ப, ஸ, ம, ப, ஸ. இரண்டு கட்டைச் சுருதி. ஒரு மத்யமத்தை எடுத்துவிட்டால் நம்ம தம்புரா! மொராக்கோ வழியாகச் சுற்றிக்கொண்டு திருவையாற்றுக்கு வந்துவிட்டார் மனிதர்.

வழக்கமான கிட்டாரிலிருந்து இதற்கு வர மூன்று கம்பியைத் தொட்டால் போதும். மிகத் தடிப்பான ஈ, மிக மெல்லிய ஈ இரண்டையும் டிக்கு இறக்குங்கள். அந்த மெல்லியதற்குப் பக்கத்துக் கம்பியை பியிலிருந்து ஏக்கு இறக்குங்கள். மூன்றும் ஒரு முழு ஸ்வரம்தான், கம்பி அறுமோ என்று பயப்பட வேண்டாம், தளர்த்தத்தானே போகிறோம். எல்லாக் கம்பியையும் ஒரு தடவை மெதுவாக வருடிவிட்டு, மேல் கம்பியில் மட்டும் மோகனமோ ஹரிகாம்போதியோ தேடச் சொல்லுங்கள். கல்யாணிக்குப் போனால் மட்டும் ஜாக்கிரதை. அந்த ஜி கம்பி சுத்த மத்யமம், பிரதி மத்யமத்தோடு சண்டை போடும். அதை அரை ஸ்வரம் இறக்கினால் அந்தர காந்தாரம் கிடைக்கும், கல்யாணி சமாதானமாகிவிடும். ஹிந்தோளம் மாதிரி பஞ்சமமே இல்லாத ராகம் என்றால் இரண்டு ஏ கம்பியையும் ஜிக்கு இறக்கிவிடுங்கள். பஞ்சமம் இல்லாத ராகத்துக்குத் தம்புராவை மத்யமத்துக்குச் சேர்க்கிற அதே பழைய வழிதான்.